முன்வாசல் வழியாக வந்த பன்றிக்கறி

சீனர் கடையில் சுவீட் சவர் போர்க் என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறோமே, அதை வீட்டில் செய்யும் விதத்தை எழுதச் சொல்லி அண்ணன் மகள் கோலாலம்பூரிலிருந்து நச்சரித்துக்கொண்டே இருக்கிறாள். "அத்தை, அளவோட எழுதுங்க. தேவையான அளவு, கொஞ்சம்னு எல்லாம் எழுதுனீங்கன்னா எனக்குப் புரியாது" என்று நிபந்தனை வேறு. அளவோடுதான் எழுதப் போகிறேன். ஆனால் நேராகக் குவாலிக்குப் போக மனசு வரவில்லை. கெடா தோட்டத்தில் பிறந்த தமிழ்ப் பொம்பளை பன்றிக்கறியைப் பற்றி நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுவதே இன்றைக்கும் கொஞ்சம் புதுசுதான். அதைச் சொல்லாமல் மாவையும் சாஸையும் மட்டும் சொன்னால் பாதிக் கதையை விழுங்கின மாதிரி ஆகிவிடும். பன்றி சாப்பிடாதவர்கள் கோபிக்க வேண்டாம். கோழித் தொடைக்கறியிலும் இதே முறை அப்படியே வரும்.

எங்கள் லயத்தில் பன்றிக்கறி சமைக்காமல் இருந்ததில்லை. பீடோங், கூரூண், பாடாங் செராய், கூலிம் என்று எந்தப் பக்கத்துத் தோட்டத்து ஆளைக் கேட்டாலும் காட்டுப்பன்றிக் கதை ஒன்று வைத்திருப்பார். பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு, கீழே உதிர்ந்து கிடக்கிற பழத்துக்கும் இளங்கன்றின் குருத்துக்கும் பன்றி கூட்டமாக வரும். யாராவது துப்பாக்கி வைத்திருக்கிறவர் சுட்டுவிட்டால், ஞாயிற்றுக்கிழமை காலையில் வாழையிலையில் கூறு போட்டு வைத்திருப்பார்கள். கூறு இத்தனை வெள்ளி என்று பேசி, சம்பள நாளில் தருகிறேன் என்று சொல்லி எடுத்துப் போவார்கள். (இந்தக் காலத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் பெர்ஹிலித்தான் என்கிற வனவிலங்குத் துறையின் உரிமம் வேண்டும். 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். யாரும் என் பதிவைப் படித்துவிட்டுக் காட்டுக்குக் கிளம்ப வேண்டாம்.)

கறி வந்துவிடும். வீட்டுக்குள் வராது. லயத்துக்குப் பின்னால் மூன்று கல் வைத்து, ரப்பர் விறகைக் கூட்டி, அங்கேயே வேகும். அதற்கென்று தனிக் குவாலி, தனிக் கரண்டி. சமைத்து முடித்ததும் சாம்பல் போட்டுத் தேய்த்து வெளிச்சுவரில் ஆணியடித்து மாட்டிவிடுவார்கள். உள்ளே சாமி படம் இருக்கிறது, தீட்டு. சாப்பிட்டவர்கள் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது பாட்டியின் சட்டம். அந்தப் பாட்டிதான் மிளகும் சோம்பும் அம்மியில் அரைத்துப் போட்டு, கறியை அதன் சொந்தக் கொழுப்பிலேயே சுருள வதக்குவதில் கைகாரி. சாப்பிடுவதிலும் முதல் ஆள்.

யார் வீட்டுக் குவாலி வெளியில் தொங்குகிறது என்று பார்த்தே சாதி சொல்லிவிடுவார்கள். கப்பலில் வந்தபோதே சாதியும் கூட வந்தது, லயத்தில் வீடு ஒதுக்கும்போதும் வந்தது, கறிச்சட்டியில் மட்டும் வராமல் போகுமா? ஆட்டுக்கறி பெருமை, கோழி பொது, பன்றி என்றால் குரலைத் தாழ்த்த வேண்டும். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வீடுகளில் தொடவே மாட்டார்கள் என்று சொல்வார்கள். தொட்டவர்களும் உண்டு, இருட்டிய பிறகு மூடிபோட்ட தூக்கில் பின்கதவு வழியாகப் போகும். அதைக் கொண்டுபோய்க் கொடுத்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி என்பதால் தெரியும்.

இன்னொரு பக்கம் சீர்திருத்தம். பெரியார் 1929 டிசம்பரில் மலாயா வந்துபோன பிறகு சுயமரியாதைப் பேச்சு தோட்டங்களுக்குள்ளும் நுழைந்தது. ஜப்பான் சண்டை முடிந்த கையோடு பீடோங் ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி தொண்டர் படை கட்டினார். 1947-ல் அந்தப் படை கள்ளுக்கடைகளை மறித்தது, போலீஸ் அடித்தது, ஆட்கள் செத்தார்கள். கெடாக்காரர்கள் மறக்கக் கூடாத வரலாறு அது. கள்ளை எதிர்த்ததில் அவர்களுக்கு நூற்றுக்கு நூறு. ஆனால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்தக் காற்றில் கள்ளையும் பன்றிக்கறியையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கெட்ட பழக்கம் என்று மூலையில் வைத்துவிட்டார்கள். கள்ளுக்குத் தொட்டுக்கொள்ள அந்த வறுவல்தானே போகும், அதனால் வந்த வினை. சமையல்காரியாக எனக்கு இதில் வருத்தம் உண்டு. பாட்டி கைப்பக்குவத்தை யாரும் எழுதி வைக்கவில்லை, கற்றுக்கொள்ளவும் கூச்சப்பட்டார்கள்.

இப்படி இருந்த ஜனம்தான், டவுனில் சீனர் சூ சார் கடையில் உட்கார்ந்து ஒரு தட்டு கூ லோ யூக், அதாவது இந்த சுவீட் சவர் போர்க், வாங்கினால் முகத்தைச் சுளிக்காமல் சாப்பிட்டது. இது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். பெரியம்மா ஒருவர், வாழ்நாளில் பன்றி தொட்டதில்லை என்று சத்தியம் செய்வார். சுங்கை பட்டாணியில் ஒரு சீனக் கூட்டாளி வீட்டுக் கல்யாண விருந்தில் வெள்ளைத் தட்டில் சிவப்பாக, அன்னாசித் துண்டும் வெள்ளரிக்காயும் கலந்து, எலும்பில்லாமல், வாடையில்லாமல் வந்து இறங்கியதை இரண்டு தடவை போட்டுக்கொண்டார். பிறகு சொன்னோம். "அது சீனச் சாப்பாடு, அது வேற" என்றார். கேட்டவர்கள் யாரும் சிரிக்கவில்லை, எல்லாருக்கும் அது நியாயமாகவே பட்டது. அதே பன்றிதான், சாதி மட்டும் கழன்றுவிட்டது. மேசைவிரிப்பு போட்ட மேசையில் யாரும் யாரையும் நீ எந்த லயம் என்று கேட்பதில்லை.

ருசியிலும் அது நமக்கு அந்நியம் கிடையாது. நம் கல்யாண வீட்டில் அன்னாசி பச்சடி வைக்கிறோம். வடக்கே மலாய்க்காரர்களும் அதைப் பச்சேரி என்று கந்தூரியில் வைக்கிறார்கள். புளிப்பும் இனிப்பும் காரமும் ஒரே வாயில் சேர்வது பழகிய நாக்கு இது. கூ லோ யூக் கான்டனீயர்கள் குவாங்தொங்கிலிருந்து கொண்டுவந்த சாப்பாடு. முதலில் எலும்போடு விலாக்கறியில் செய்ததாகவும், துப்பத் தெரியாத வெள்ளைக்காரனுக்காக எலும்பை எடுத்ததாகவும் ஒரு கதை சொல்வார்கள். தக்காளி சாஸ் பிற்காலத்தில் சேர்ந்த சரக்கு. பழைய முறையில் வினிகர், சர்க்கரை, காய்ந்த சான்சா பழம், இங்கிலீஷ் சாஸ் எல்லாம் போகும். எங்கள் டவுனில் சீனர்கள் பெரும்பாலும் ஹொக்கியன், தியோச்சியூ. ஆனால் எந்த மொழிக்காரர் கடை வைத்தாலும் இந்தத் தட்டு இருக்கும்.

வீட்டு அடுப்புக்கு அது எப்போது வந்தது? எண்பது, தொண்ணூறுகளில் சுங்கை பட்டாணியைச் சுற்றித் தோட்டங்களைத் துண்டு போட்டுத் தாமான் என்கிற குடியிருப்புகளைக் கட்ட ஆரம்பித்தார்கள். லயம் போனது, வரிசை வீடு வந்தது, பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம், ஆ சோ என்று நாங்கள் கூப்பிட்ட சீன அம்மாவின் குடும்பம் வந்தது. பின்வாசலில் துணி காயப்போடும்போது பேச்சு. நம் வீட்டிலிருந்து முறுக்கும் கோழிக் குழம்பும் போகும். அங்கிருந்து ஆங் பாவும் ஆரஞ்சும் சீனப் பலகாரமும் வரும். ஆ சோ மலாயில்தான் கற்றுக்கொடுத்தார்கள், பாதி கைஜாடை. எங்கள் தாமானில் பல தமிழ் வீடுகளுக்கு இந்தச் சமையல் அந்தச் சுவர் வழியாகத்தான் வந்தது.

நடுவில் ஒரு பெரிய தடை. 1998 கடைசியில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணை ஆட்களுக்கு மூளைக்காய்ச்சல். முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுமருந்து அடித்தார்கள், ஊசி போட்டார்கள், நிற்கவில்லை. மறுவருஷம் நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா கிராமங்கள் காலியாகின. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக டாக்டர் சுவா காவ் பிங் அது புது வைரஸ் என்று பிடித்தார். 265 பேருக்கு வந்தது, 105 பேர் இறந்தார்கள், ஏறத்தாழ பத்து லட்சம் பன்றிகளைக் கொன்றார்கள். பண்ணைகளில் கூலி வேலை செய்த நம் ஆட்களும் பாதிக்கப்பட்டார்கள். வைரஸ் வந்தது பெரும்பாலும் உயிருள்ள பன்றியோடு நெருங்கிப் பழகியவர்களுக்குத்தான். இருந்தாலும் அந்த வருஷம் எங்கள் தாமானில் யார் அடுப்பிலும் பன்றி ஏறவில்லை. இப்போது வந்துபோகிற ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் வேறு, அது மனிதருக்கு ஒட்டாது, விலையைத்தான் ஏற்றும்.

சரி, சந்தைக்குப் போவோம்.

எங்கள் ஊர்ச் சந்தையில் பன்றிக்கறி மற்றக் கறிகளோடு இருக்காது. தள்ளி, தடுப்புக்குப் பின்னால் தனி இடம். மூடா ஆற்றைத் தாண்டினால் பினாங்குக் கரையில் கம்போங் செலாமாட் என்று பண்ணைகள் உள்ள ஊர் இருக்கிறது, அதனால் புதுக்கறிக்குப் பஞ்சமில்லை. கடைக்கார அப்பேக்கிடம் கறி கேட்டால் அவரே "மாசாம் மானிஸ் கா?" (புளிப்பு இனிப்புக்கா?) என்று கேட்டுத் தோள்பக்கம், கழுத்துப்பக்கம் பார்த்து எடுப்பார். அதுதான் சரி. சாம் சான் என்கிற மூன்றடுக்குக் கறி வேண்டாம், பொரித்து இனிப்பு சாஸில் போட்டால் இரண்டாவது வாய்க்குத் திகட்டும். தொடையின் சுத்தச் சதையும் வேண்டாம், கட்டையாகிவிடும். நரம்பு நரம்பாகக் கொழுப்பு ஓடுகிற தோள்கறி அரைக் கிலோ. காலையிலேயே போங்கள்.

கறியை ஒரு அங்குலத் துண்டாக வெட்டி, கத்தியின் முதுகால் லேசாகத் தட்டுங்கள். உப்பு அரைத் தேக்கரண்டி, வெள்ளை மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, கறுப்பு இல்லாத கிச்சாப் (சோயா சாஸ்) ஒரு மேசைக்கரண்டி, சீன நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டி, ஒரு முட்டை, சோள மாவு இரண்டு மேசைக்கரண்டி. பிசைந்து அரை மணி நேரம் வையுங்கள். இந்த இடத்தில் நம் கை தானாக மஞ்சள்தூள் டப்பாவுக்கும் இஞ்சி பூண்டு விழுதுக்கும் போகும். கையைக் கட்டுங்கள். விழுது போட்டால் எண்ணெயில் கரிந்து கசக்கும். அன்னாசிச் சாற்றில் ஊற வைத்தால் மெத்தென்று வரும் என்று சொல்பவர்கள் பேச்சையும் கேட்க வேண்டாம். பச்சை அன்னாசியில் இருக்கிற புரோமலின் இறைச்சியைக் கரைக்கிற சாமான், கொஞ்சம் நேரம் தவறினால் மேல்பக்கம் களியாகிவிடும். டின் அன்னாசியில் அந்தப் பயம் இல்லை, சூட்டில் செத்துப்போயிருக்கும். ருசியும் கூடவே செத்துப்போயிருக்கும்.

மேல்மாவு: சோள மாவு அரைக் கப், மரவள்ளி மாவு அரைக் கப். கோதுமை மாவு வேண்டாம், அது பஜ்ஜி ஆகும். சிலர் ஒரு கரண்டி கஸ்டர்ட் பவுடர் சேர்ப்பார்கள், நிறத்துக்கும் மணத்துக்கும், எனக்கு வேண்டியதில்லை. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளியைத் தின்று உயிர் பிழைத்த தலைமுறைக்கு அந்த வாடையே ஆகாது. அவர்கள் பேரப்பிள்ளைகள் அதன் மாவைப் பொட்டலத்தில் வாங்கி மொறுமொறுப்புக்குப் போடுகிறோம். ஒவ்வொரு துண்டையும் மாவில் புரட்டி, உள்ளங்கையில் அழுத்தி, உதறி, தட்டில் பரப்பிப் பத்து நிமிஷம் விடுங்கள். வெள்ளையாக இருந்த மாவு ஈரம் இழுத்துக் கொஞ்சம் மங்கும். அப்போதுதான் எண்ணெயில் உதிராது.

எண்ணெய்க்குச் செம்பனையே போதும். பாக்கெட்டில் விற்கிற அரசாங்க மானிய எண்ணெய், கிலோ 2.50 வெள்ளி, ஒன்று சரியாக இருக்கும். இரண்டு முறை பொரிக்க வேண்டும். இதுதான் இந்தச் சமையலின் உயிர், சாஸ் இல்லை. முதல் முறை மிதமான சூடு, 160 டிகிரி; மூங்கில் சோப்ஸ்டிக் நுனியை விட்டால் நிதானமாக முத்து முத்தாகக் குமிழி வர வேண்டும். பாதிப் பாதியாகப் போட்டு நாலு நிமிஷம். வெளிர் நிறத்தில் எடுத்து வடிய விடுங்கள். ஐந்து நிமிஷம் இருக்கட்டும். அதற்குள் உள்ளே இருக்கிற நீர் மேல்தோலுக்கு வந்து தோலை மெத்தென்று ஆக்கும். பயப்பட வேண்டாம், அதற்காகத்தான் இரண்டாவது முறை. சூட்டை நன்றாக ஏற்றி, 190 டிகிரியில், ஒரு நிமிஷம் அல்லது கொஞ்சம் கூட. அந்த நீர் சடசடவென்று வெளியேறும், சத்தம் அடங்கியதும் எடுத்துவிடலாம். கரண்டியால் தட்டினால் டக் டக் என்று கேட்க வேண்டும். ஒரு துண்டைப் பிய்த்துப் பாருங்கள், நடுவில் சிவப்பு இருக்கவே கூடாது. பன்றியில் அரைவேக்காட்டுக்கு இடமே கிடையாது, புழு விஷயம்.

சாஸைப் பொரிக்கும் முன்பே கிண்ணத்தில் கலக்கி வையுங்கள். தக்காளி சாஸ் நாலு மேசைக்கரண்டி, சர்க்கரை இரண்டரை, வினிகர் இரண்டு, பிளம் சாஸ் ஒன்று, கிச்சாப் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, தண்ணீர் ஐந்து மேசைக்கரண்டி. பிளம் சாஸ் இல்லையா, அசாம் போய் என்கிற உப்பிட்ட காய்ந்த பிளம் காய் இரண்டை வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து ஊற்றுங்கள், அதுவும் நன்றாக இருக்கும். சோள மாவு ஒரு தேக்கரண்டியைத் தண்ணீரில் தனியாகக் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். சிவப்புச் சாயம் போடாதீர்கள். கடைகளில் உதட்டுச் சாயம் போல் ஒரு சிவப்பு வருமே, அது தக்காளியிலிருந்து வருவதில்லை.

காய்கள்: பெரிய வெங்காயம் ஒன்று, விதை எடுத்த வெள்ளரிக்காய் பாதி, குடைமிளகாய் ஒன்று, நன்றாகப் பழுத்த அன்னாசி ஒரு கப். ஒரு காலத்தில் ரப்பர் கன்று நட்டால் மரம் பால் கொடுக்கிற வரைக்கும் நடுவே அன்னாசி போடுவார்கள். இப்போது மார்டி விவசாய ஆராய்ச்சி நிலையம் 1996-ல் கொண்டுவந்த ஜோசப்பீன் ரகம் எங்கும் கிடைக்கிறது. இனிப்பும் புளிப்பும் அளவாக இருக்கும். எம்.டி.2 எனக்கு ரொம்ப இனிப்பு, அதைப் போட்டால் சர்க்கரையைக் குறையுங்கள். ஒரு காய்ந்த மிளகாயும் இரண்டு சிவப்பு மிளகாயும் நான் சேர்ப்பேன். ஆ சோ தலையில் அடித்துக்கொள்வார்கள், நம் வீட்டு நாக்குக்கு அது வேண்டும்.

சுத்தமான குவாலியில் ஒரு கரண்டி எண்ணெய், வெங்காயம், மிளகாய், பெரிய தீயில் அரை நிமிஷம். அன்னாசி, குடைமிளகாய். சாஸை ஊற்றுங்கள், கொதி வந்ததும் மாவுக்கரைசல். கண்ணாடி மாதிரி பளபளப்பு வந்ததும் நிறுத்த வேண்டும். புளிப்போடு ரொம்ப நேரம் கொதித்தால் மாவின் பிடிப்பு உடைந்து சாஸ் மறுபடி தண்ணீராகிவிடும். வினிகர் வாசமும் ஆவியாகிப் போகும், அதனால் கடைசியில் ஒரு தேக்கரண்டி வினிகர் புதிதாக விடுங்கள். வெள்ளரிக்காய், பொரித்த கறி, அடுப்பை அணைத்துவிட்டு நாலு புரட்டு. துண்டின் மேல் சாஸ் பூசியிருக்க வேண்டும், சாஸில் துண்டு மிதக்கக் கூடாது. நாலு பேர் தாராளமாகச் சாப்பிடலாம்.

வெள்ளைச் சோறுதான் இதற்கு ஜோடி. சித்தப்பா ஒருவர் ரசச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிறார், அதையும் சாப்பிட்டுப் பார்த்தேன், மோசமில்லை. மறுநாள் மிச்சத்தைத் தோசைக்குள் வைத்துச் சுருட்டுகிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

ஒரு விஷயம் மட்டும் பழையபடியே வைத்திருக்கிறேன். பன்றிக்குத் தனிக் குவாலி, தனித் தட்டுகள், தனி வெட்டுப்பலகை. தீட்டுக்காக இல்லை. தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வரிசை மலாய்க் குடும்பமும், கூட வேலை பார்த்தவர்களும் வருவார்கள். அவர்கள் கேட்க மாட்டார்கள், நாம்தான் தெரிந்து நடக்க வேண்டும். அன்றைக்கு வீட்டில் இந்த அயிட்டமே கிடையாது, பாத்திரமும் கலந்திருக்காது என்று கண்ணைப் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும். ஆனால் அந்தக் குவாலி இப்போது என் சமையலறைக்குள், கேஸ் அடுப்புக்கு மேலே, மற்றச் சட்டிகளோடுதான் தொங்குகிறது. பாட்டி இருந்திருந்தால் திட்டியிருப்பார், பிறகு உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்.

செவ்வாய், வெள்ளி, புரட்டாசி சனி தவிர எந்த நாளும் செய்யலாம். செய்தால் தாப்பாவ் கட்டி யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்; சாஸில் விழுந்த கறி பத்து நிமிஷத்துக்கு மேல் மொறுமொறுப்பாக இருக்காது. எல்லாரையும் மேசைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, அதன் பிறகு அடுப்பைப் பற்ற வையுங்கள்.